காற்றுக்கு எதிர்ப்பக்கம்

அவளுக்குப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருகிறவள். வந்து பார்த்துவிட்டு மறுபடியும் தெருமுனை வரை போய், அணைந்திருந்ததைப் பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று சந்தேகம் தட்டி, இன்னொரு தடவையும் வருகிறவள். அண்ணி சொல்வாள்: "உன் பயத்துக்குத் தனியா ஒரு நாற்காலி போடணும்டி. நீ எங்க போனாலும் கூடவே வந்து உட்காந்துக்குது."

அண்ணன் வீட்டு மாடியில்தான் அவள் குடியிருந்தாள். அண்ணனுக்கும் அவளுக்கும் ஒரே இடத்தில் வேலை. ஊருக்கு வெளியே, மீனையும் பட்டாணியையும் உறைய வைத்துப் பொதி கட்டும் குளிர்பதனக் கிடங்கு. அண்ணன் பொதி கட்டும் கூடத்தில் காலை ஷிப்டுக்கு மேற்பார்வையாளர். அவள் பதிவறையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். பதினோரு வருடம் அவள் தட்டச்சு செய்ததெல்லாம் விபத்து அறிக்கைகள். விரல் போனது, கால் வழுக்கியது, கதவு பூட்டிக்கொண்டு ஒருவர் உறைபனி அறைக்குள் அரை மணி நேரம் கிடந்தது. ஒவ்வொரு அறிக்கையின் கடைசியிலும் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரே சொல்தான் வரும்: கவனக்குறைவு. பதினோரு வருடத்தில் அந்தச் சொல்லை எத்தனை தடவை அடித்தாள் என்று கணக்கில்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் விரல் தானாக அடிக்கும். அத்தனை பேருமா கவனமில்லாதவர்கள் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு நிர்வாகம் பாதுகாப்புப் பயிற்சியைக் கைப்பேசிக்குக் கொண்டுவரப் போவதாகச் சொன்னது. ஏற்கெனவே ஐம்பது பக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தது. அதைக் கூடத்தில் ஆடும் மேசைக்காலுக்கு அடியில் கொடுத்திருந்தார்கள். அதையே கைப்பேசிக்குள் ஏற்றச் சொல்லித்தான் அவளிடம் கொடுத்தார்கள். அவள் தயங்கித் தயங்கி, பாதுகாப்பு அதிகாரியிடம் போய் நின்றாள்.

"சார், புத்தகத்துல இருக்கிறதை அப்படியே போட்டா யாரும் படிக்க மாட்டாங்க. இங்க நடந்ததையே பாடமா போடலாமா?"

அதிகாரி நல்ல மனிதர். எதற்கும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். உடனே சரி என்றும் சொல்ல மாட்டார். ஒரு வாரம் கழித்துச் சரி என்றார்.

அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கூடத்துக்குள் இறங்கினாள். சாப்பாட்டு இடைவேளையில் ஆட்களின் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்பாள். அவர்கள் சொல்வார்கள். "அப்புறம்?" என்பாள். இன்னும் சொல்வார்கள். "அப்புறம்?" ஒரு வாரத்தில் அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. அவள் தலை தெரிந்தாலே, "அப்புறம் அக்கா வர்றாங்கடா, கதையை எடுத்து வை" என்பார்கள்.

கதைகள் கிடைத்தன. வருடங்களுக்கு முன்னால் குளிரூட்டும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தபோது, பாதி வழி ஓடிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை எடுக்கத் திரும்பிப் போன ஒரு சுமைதூக்கி. எல்லோரும் வெளியே வந்தாயிற்று என்று நினைத்து வீட்டுக்கே போய்விட, கழிப்பறைக்குள் ஒருவர் இருமிக்கொண்டிருந்த கதை. அவற்றை எடுத்து அவள் பாடமாக்கினாள். "நீங்கள் மூன்றாவது மேசையில் நிற்கிறீர்கள். கண் எரிகிறது. உங்கள் டப்பா அலமாரியில் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?" கீழே நான்கு விடைகள். டப்பாக்காரர் தன் கதையைக் கைப்பேசியில் படித்துவிட்டு, "என்னை வச்சே எனக்குப் பாடமா!" என்று கேன்டீன் அதிரச் சிரித்தார். நூற்றுப்பதினெட்டுப் பேர் படித்தார்கள். நூற்றுப்பதினெட்டுப் பேரும் நூற்றுக்கு நூறு. அதிகாரி அந்தப் பட்டியலைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்கிறவன் கேட்காதவன் எல்லோரிடமும், "என் தங்கச்சி எழுதுனது" என்றான்.

எல்லோரும் நூறு வாங்கியது அவள் ஒருத்திக்குத்தான் உறுத்தியது. ஆனால் அவளுக்கு எதுதான் உறுத்தாது? வழக்கமான பயம் என்று விட்டுவிட்டாள்.

அன்று அவளுக்கு விடுமுறை. அண்ணன் காலை ஷிப்டுக்குப் போய்விட்டான். கீழே இறங்கி வந்தபோது அண்ணி வீட்டுக் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, துவைத்த துணிகளை மேசை விசிறியின் முன்னால் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா, வா. உன் பரீட்சையை நானும் எழுதி நூறு வாங்கிட்டேன், தெரியுமா?"

"நீங்களா? எப்படி அண்ணி?"

"நேத்து சாயங்காலம் உங்க அண்ணன் போனைக் கையில குடுத்து உக்கார வச்சுட்டாரு. இதுல என்ன பெரிய கஷ்டம்? ஒண்ணு, லிஃப்ட்ல ஏறணும். ரெண்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கம் உள்ள வாசல் வழியா வெளியேறணும். மூணு, டப்பாவை எடுக்கப் போகணும். நாலு, கூட்டாளிக்குப் போன் பண்ணணும். பைத்தியக்காரன்கூட ரெண்டுன்னுதான் சொல்லுவான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணி சொன்னது சரி. அந்தக் கேள்வியில் யாரும் தவறவே முடியாது. விடை தெரிந்ததால் அல்ல. மற்ற மூன்றும் முட்டாள்தனமாக இருந்ததால்.

"அண்ணி, ஒரு நிமிஷம். இந்த விசிறிதான் காத்து. இந்தத் துணிக்கூடை கிடங்கு. விசிறி பக்கம் ஒரு வாசல், சுவர் பக்கம் ஒரு வாசல். வாயு கசியுது. நீங்க எந்த வாசல்ல போவீங்க?"

அண்ணி யோசிக்கவே இல்லை. சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஏன்?"

"என்னடி ஏன்? காத்து விசிறியில இருந்து வருது. அதுக்கு எதிர்ப்பக்கம் சுவர்தானே? எதிர் வீடுன்னா எது? இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் அவங்க. அதுபோலத்தான்." பிறகு அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். "உங்க அண்ணனும் நேத்து இப்படித்தானே காட்டினாரு. இதே விசிறியை வச்சு."

அவள் எழுதும்போது மனதில் இருந்தது எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிறவன் முகத்தில் காற்று அடிக்குமே, அது. காற்றை எதிர்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் நெடி முதுகுக்குப் பின்னால் போகும். ஆனால் எழுதியது 'எதிர்ப்பக்கம்'. அதே சொல் காற்றுக்கு நேர் மறுமுனையையும் காட்டும். காற்று எங்கே போகிறதோ அங்கே. நெடி எங்கே போகிறதோ அங்கே. பாதிப் பேர் அப்படிப் படித்திருப்பார்கள், பாதிப் பேர் இப்படி; எல்லோரும் ரெண்டு என்று தொட்டு நூறு வாங்கியிருப்பார்கள். எந்த வாசல் என்று அவள் யாரையும் கேட்கவே இல்லை.

அதிலும் அண்ணன். அவன் எந்த வாசலுக்குப் போகிறானோ, ஷிப்டில் இருபத்துமூன்று பேரும் அவன் பின்னால் போவார்கள்.

பொதி கட்டும் கூடத்துக்குள் யாரும் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். என்றாலும் அண்ணனுக்கு அடித்தாள். அடித்து ஓய்ந்தது. அதிகாரிக்கு அடித்தாள். பின்னணியில் குழந்தைகளின் இரைச்சல். மகளின் பள்ளிக்கூடத்தில் இருந்தார்.

"சார், மூணாவது பாடத்துல ஒரு வாக்கியம் தப்பா இருக்கு. இப்பவே மாத்தணும்."

"தப்பா? எல்லாரும் நூறு வாங்கியிருக்காங்களேம்மா."

"அதுதான் சார் தப்பு. எதிர்ப்பக்கம்னா ரெண்டு அர்த்தம் வருது. ஆளுங்க நெடி போற பக்கமே ஓடுவாங்க."

"பதறாதீங்க. ஒப்புதல் ஆன பாடம், படிவம் இல்லாம தொட முடியாது. திங்கக்கிழமை வாங்க, போட்டுடலாம். ஒன்றரை வருஷமா ஒரு கசிவும் இல்ல. ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டிருக்கக் கூடாது. ரெண்டு நாளில் என்னவெல்லாம் ஆகலாம் என்று அவளுக்கு வரிசையாகத் தெரியும். அவளே தட்டச்சு செய்தவை.

வாசற்காவலரின் தொலைபேசிக்கு அடித்தாள். எடுத்தார். "கூடத்துக்குள்ள போய்ச் சொல்ல எனக்கு உத்தரவு இல்லக்கா. ரோந்துக்காரர் வந்தா சொல்றேன். என்ன சொல்லணும், மறுபடி சொல்லுங்க?" அவள் சொன்னாள். "காத்துக்கு எதிர்ப்பக்கம் போகக் கூடாதா? போகணுமா?" என்று அவர் கேட்டார். அவள் போனை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

"நானும் வரேன்" என்று அண்ணி எழுந்தாள்.

"வேண்டாம் அண்ணி. என் பயம்தான். வழக்கம்போல."

"அப்போ ஏன் செருப்பைக் கால் மாத்திப் போடறே?"

பேருந்தில் அரை மணி நேரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் நிதானமாக ஏறினார்கள், சில்லறை தேடினார்கள், ஜன்னல் இருக்கை கேட்டார்கள். அவள் ஜன்னலுக்கு வெளியே துணி காயும் கொடிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாத் துணியும் ஒரே பக்கம் பறந்தது. காற்று கிடங்குக்குப் பின்னால் இருந்து முன்னால் வீசுகிறது. பின்வாசலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. முன்வாசலுக்கு வெளியே திறந்த முற்றம், அதைத் தாண்டி நுழைவாயில். கசிந்தால் பின்வாசல்தான் உயிர். முன்வாசல் வழியாக வந்தால் நெடியும் கூடவே வரும். அண்ணன் கையைச் சுவர்ப் பக்கம் நீட்டுவது கண்ணுக்குள்ளேயே நின்றது.

நுழைவாயிலில் காவலர் பதிவேட்டைத் தள்ளினார். "அப்புறம் அக்கா, லீவு நாள்லயும் கதை கேக்க வந்துட்டீங்களா? ரோந்துக்காரர் இன்னும் வரலை. கையெழுத்துப் போடுங்க."

"அண்ணனைக் கொஞ்சம் வெளிய கூப்பிடுங்க. அவசரம்."

"போட்டுடுங்க, கூப்பிடறேன்."

பெயர் எழுதினாள். நேரம் எழுதினாள். 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தபோது அபாயச் சங்கு ஊதியது.

முதலில் தன் தலைக்குள்தான் ஊதுகிறது என்று நினைத்தாள். காவலர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்ததைப் பார்த்த பிறகுதான் வெளியே ஊதுகிறது என்று தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, காற்றின் திசை பார்க்கக் கட்டிய ஆரஞ்சுத் துணிப்பை விறைத்துக்கொண்டு நின்றது. அதன் வால் நேராக அவளைக் காட்டியது.

முன்வாசல் திறந்தது. அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொருவராக வெளியே தள்ளினான். தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. பாடத்தில் எழுதியிருந்தது போல வரிசையாக, அமைதியாக, தப்பான வாசலில் வந்துகொண்டிருந்தார்கள். டப்பாக்காரர் வெறுங்கையோடு வந்தார்.

நெடி அவளை எட்டியது. மூக்குக்குள் ஊசி ஏற்றியது போல. கண் பொங்கியது.

கத்த வாயைத் திறந்தாள். என்ன கத்துவது? காற்றுக்கு எதிராக என்றா? எதிர்ப்பக்கம் என்றா? எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்கு இரண்டு முகம் இருந்தது. ஒரு விநாடி அவள் வாய் திறந்தபடியே நின்றாள். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான விநாடியை அவள் பார்த்ததில்லை. அப்புறம் முற்றத்தின் ஓரத்தில், காற்றின் வழியை விட்டு ஒதுங்கி நின்ற தகரக்கூரை கண்ணில் பட்டது.

"கேன்டீன்! எல்லாரும் கேன்டீனுக்கு ஓடுங்க! கேன்டீன்!"

அதற்கு ஒரே அர்த்தம்தான். அங்கே தினமும் மூன்று வேளை போகிறவர்கள் அவர்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவார்கள். வரிசை அப்படியே பக்கவாட்டில் திரும்பியது. இருமிக்கொண்டும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டும் ஓடினார்கள். காவலரும் அவள் கையைப் பிடித்து அந்தப் பக்கமே இழுத்தார்.

அண்ணன் மட்டும் ஓடவில்லை. முற்றத்தின் நடுவில் நின்று, விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தான். தலை எண்ணாமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. அது நான்காவது பாடம். கழிப்பறைக்குள் இருமியவரின் கதை. அதையும் அவள்தான் எழுதினாள். ஓடுகிறவர்களை எண்ணுவதால் எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனது. அவன் முதலில் இருந்து ஆரம்பித்தான். அவனைச் சுற்றிக் காற்று வெளுத்திருந்தது.

"அண்ணா!"

அவன் திரும்பவில்லை.

"அப்புறம்!" என்று அலறினாள். "அப்புறம் எண்ணு! அப்புறம் எண்ணலாம், வாண்ணா!"

அந்தச் சொல் அவனுக்குக் கேட்டது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். விடுமுறை நாளில் இவள் எங்கே இங்கே என்ற குழப்பம் அந்தத் தூரத்திலும் அவன் முகத்தில் தெரிந்தது. நாலு அடி ஓடிவந்து முழங்காலில் விழுந்தான். டப்பாக்காரரும் இன்னொருவரும் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு போய் அவனை இழுத்து வந்தார்கள். டப்பாக்காரர் திரும்பிப் போகிறவர்தான்; இந்தத் தடவை டப்பாவுக்கு இல்லை.

கேன்டீனில் மூச்சு வாங்கிக்கொண்டே அவள்தான் எண்ணினாள். இருபத்துமூன்று, அண்ணனோடு இருபத்துநான்கு. மூன்று தடவை எண்ணினாள். நாலாவது தடவையும் எண்ணினாள்.

கசிந்தது சின்னக் குழாய்தான். கால் மணி நேரத்தில் அடைத்துவிட்டார்கள். ஆறு பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து பேர் சாயங்காலமே வீடு திரும்பினார்கள். அண்ணனின் கண்களை மணிக்கணக்கில் கழுவி, பஞ்சு வைத்துக் கட்டினார்கள். பார்வைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பதாக மருத்துவர் சொன்னார். 'நினைப்பதாக' என்ற சொல் அவளைத் தூங்க விடவில்லை.

மறுநாள் காலை அண்ணன் கட்டுப் போட்ட கண்களோடு படுத்திருந்தான். குரல் மரம் அறுப்பது போல வந்தது.

"வந்துட்டாளா பயந்தாங்கொள்ளி?"

"வந்துட்டேண்ணா." அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அண்ணா, நீ தப்பான வாசல்ல கூட்டிட்டு வந்துட்டே."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நான் கவனமாத்தான் படிச்சேன். ஜன்னல் வழியா துணிப்பையைக்கூடப் பார்த்தேன். காத்து தொட்டிப் பக்கமிருந்து வருது, எதிர்ப்பக்கம் முன்வாசல்னு..."

"நீ சரியாத்தான் படிச்சே. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவன் அந்தக் கரகரத்த குரலில், "அப்புறம்?" என்றான்.

அவள் சொன்னாள். விசிறியை, துணிக்கூடையை, அண்ணி கை நீட்டியதை, பள்ளிக்கூட இரைச்சலை, பேருந்தை. அவன் ஒவ்வொரு இடத்திலும் "அப்புறம்?" என்றான். முடித்ததும், "நூறு மார்க் வாங்கினேனேடி" என்றான். சிரிக்கப் பார்த்து இருமினான். அந்த இருமல் நிற்கும் வரை அவள் அவன் கையை விடவில்லை.

அதிகாரி வராந்தாவில் ஒரு தாளோடு நின்றார். முகம் வெளுத்திருந்தது; அவரும் தூங்கியிருக்க மாட்டார்.

"அறிக்கை போகணும்மா. நீங்கதானே எப்பவும் அடிப்பீங்க. பாடம் நம்மகிட்ட சரியா இருக்கு, எல்லாரும் தேறியிருக்காங்க. அப்போ ஆளுங்க அவசரத்துல வாசலை மாத்திட்டாங்கன்னுதான் வரும். வழக்கமா போடறதைப் போட்டுடுங்க." குரலைத் தாழ்த்தினார். "உங்க நல்லதுக்கும்தான் சொல்றேன். வேற மாதிரி எழுதினா, முதல்ல உங்க வேலைதான் போகும். நேத்து நீங்க போன் பண்ணதும் வெளிய வரும். என் வேலையும்தான்."

'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. விரல் பழக்கத்தில் அந்த ஒரு சொல்லை நோக்கிப் போனது. அதை எழுதினால் பழி அண்ணன் மேல் விழும். பதினோரு வருடமாக யார் யார் மேலோ விழுந்தது போல. எழுதாவிட்டால், திங்கட்கிழமை அவளுக்கு மேசை இருக்காது. இரண்டுக்கும் பயமாக இருந்தது. எது பெரிய பயம் என்று மட்டும் தெரிந்தது.

எழுதினாள்: 'பயிற்சியின் மூன்றாம் பாடத்தில் நான் எழுதிய வாக்கியம் தவறானது. அதைப் படித்ததால்தான் தொழிலாளர்கள் முன்வாசல் வழியாக வந்தார்கள். தொழிலாளர்கள் மேல் தவறில்லை.'

அதிகாரி படித்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்தினாள். தாளை எடுத்துக்கொண்டு, மருந்துக் கடையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த அண்ணியிடம் போனாள்.

"அண்ணி, இதைப் படிங்க. உங்களுக்கு என்ன புரியுது?"

அண்ணி மருந்துப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படித்தாள். இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கியது.

"தப்பு உன்னோடதுன்னு புரியுது."

"வேற மாதிரி எதுவும் புரியலையே?"

"இல்லடி."

"நல்லாப் பாருங்க அண்ணி. அண்ணன் மேல தப்புங்கற மாதிரி எங்கயாவது...?"

"இல்லடி, இல்ல. கையெழுத்துப் போடு."

அவள் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.